நேர்த்திக்கடனும் துண்டுக்கடனும்

கடன் என்னும் சொல் தமிழில் இரு பொருள் உடையது. திருப்பிக் கொடுக்கவேண்டிய பணமும் கடன். செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தோட்டங்களுக்குக் கூலித்தொழில் நாடிவந்த தமிழ் மக்களின் வாழ்வு இவ்விரு கடன்களுக்கும் இடையே கழிந்ததாகும். ஒரு கடன் கங்காணியின் ஏட்டிலே எழுதப்பட்டது. மற்றையது மஞ்சள் துணியில் முடிந்த ஒரு காசாகக் கூரையின் வளையிலோ தகரப்பெட்டியின் அடியிலோ கிடந்தது. முன்னதைப் பற்றி ஆராய்ச்சியாளர் பலர் நூல்கள் எழுதியுள்ளனர். அதற்கு ஆவணங்கள் உள. பின்னதற்கு ஆவணம் யாதும் இல்லை. ஆயினும் அற்றன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கொல்லை, நுவரெலியா ஆகிய பகுதிகளில் மலைச்சரிவு தோறும் காணப்படும் சிறு கோயில்கள் அக்கடனுக்குச் சான்று பகர்வன.

1823ஆம் ஆண்டளவில் ஜோர்ஜ் பேர்ட் என்னும் ஆங்கிலேயர் கம்பளைக்கு அண்மையிலே கோப்பிப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினார். கண்டி இராச்சியம் வீழ்ந்து அப்போது எட்டாண்டுகளே சென்றிருந்தன. சிங்களக் குடியானவர்கள் தத்தம் வயலையும் சேனையையும் விட்டுத் தோட்டக் கூலிக்கு வர விரும்பவில்லை. எனவே திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய இடங்களிலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டனர். பஞ்சமும் நிலமின்மையும் சாதிக்கொடுமையும் அவர்களைப் புறப்படச் செய்தன என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், பஞ்சம் ஒருவனை ஊரைவிட்டுத் துரத்தலாம். அவன் எந்த எண்ணத்தோடு போகிறான் என்பதைப் பஞ்சம் தீர்மானிப்பதில்லை.

கண்டிச்சீமைக்குப் போனவன் தன் வாழ்வுக்கு ஒரு கோலத்தை மனத்திலே வரைந்துகொண்டே போனான். அது பெரிய கோலமன்று. மிராசுதாரிடம் பட்ட கடனை அடைத்தல், ஒரு குழி நிலமோ ஒரு சோடி மாடோ வாங்குதல், தங்கையை மணமுடித்துக் கொடுத்தல், இவ்வளவே. இந்த எண்ணத்தை அவன் தனக்குள்ளே மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. குலதெய்வத்தின் முன்னே சென்று, இன்னது நிறைவேறித் திரும்பினால் இன்னது செய்வேன் என்று நேர்ந்துகொண்டான். ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்தும் வைத்தான். நேர்த்தி என்பது வெறும் வேண்டுதலன்று. வேண்டுதலில் கேட்பவன் ஒருவனே உண்டு. நேர்த்தியிலோ ஒப்பந்தம் உண்டு, தவணை உண்டு, இரு தரத்தாருக்கும் கடமை உண்டு. எழுத்தறியாத ஓர் ஏழை தன் எதிர்காலத்தைக் குறித்துத் தானே ஒப்பமிட்ட ஒரே உடன்படிக்கை அதுவாகும். தோட்டத்தாரோடும் கங்காணியோடும் அவன் செய்துகொண்ட ஏனைய உடன்படிக்கைகளில் அவன் கைநாட்டு மட்டுமே இருந்தது, அதுவும் எப்போதாவது.

பயணம் கொடியது. இராமேசுவரத்துப் பக்கமிருந்து தோணியேறித் தலைமன்னாரிலும் மன்னார்க் கரையிலும் இறங்கிய மக்கள், அங்கிருந்து காடும் வறண்ட நிலமும் ஊடாக நூற்றைம்பது மைல் அளவு நடந்து, தம்புள்ளை வழியே மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியும் மலைக்காய்ச்சலும் நீரின்மையும் வழிநெடுகப் பலரை மாய்த்தன. 1840களில் வந்தோரில் நாலில் ஒரு பங்கினர் மடிந்தனர் என்று 1849இல் கொழும்பிலே வெளிவந்த பத்திரிகை ஒன்று கணக்குக் கூறியது. அது மிகைக்கணக்கு என்பாரும் உளர். கணக்கு எவ்வாறாயினும், வழியில் விழுந்தவர்களை அடக்கஞ்செய்தற்கும் ஆளின்றி நடந்தவர்கள் நடந்துகொண்டே இருந்தனர் என்பதை எவரும் மறுத்திலர். 1864இல் ஆதிலட்சுமி என்னும் கப்பல் மூழ்கியதில் நூற்றுக்கு மேற்பட்டோர் கடலிலேயே மறைந்தனர்.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் பெருமை இவ்விடத்திலேயே விளங்கும். காட்டுவழி முடிந்து மலை தொடங்கும் வாயில் அது. உயிரோடு வந்து சேர்ந்தவன் முதன்முதலாக மூச்சுவிட்ட இடமும் அதுவே. மாரி நோயைத் தருபவளும் அதனைத் தணிப்பவளும் ஆவாள் என்பது தமிழ்நாட்டுக் கிராமங்களின் நம்பிக்கை. நோயால் மடிந்தோரை வழியெல்லாம் கண்டு வந்தவனுக்கு அவளையன்றி வேறு யாரிடம் போகத் தோன்றும்? இன்று மாசிமகத்தன்று ஐந்து தேர்கள் உலாவரும் அக்கோயில், பிற்காலத்திலே செல்வர்களின் கொடையால் வளர்ந்தது. அதன் வேர் என்னவோ அந்த நடைபாதையிலேதான் ஊன்றியது.

கோப்பிக் காலத்திலே தொழிலாளன் வந்துபோகும் பறவை. பழம் பறிக்கும் மாதங்களில் வேலை மிகும். பறிப்பு முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். ஆதலால் நேர்த்தியும் ஊரிலேயே கழிந்தது. மலையிலே கோயில் கட்டவேண்டிய தேவை அவ்வளவாக எழவில்லை. 1869இல் கோப்பி இலைகளைப் பற்றிய துருநோய் இந்த ஒழுங்கை அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னதாக, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். அடுத்த இருபதாண்டுகளுள் கோப்பி மறைந்து மலைநாடு முழுவதும் தேயிலை பரந்தது. 1884இல் புகையிரதப் பாதை அற்றனை அடைந்தது. மறு ஆண்டு நானுஓயாவை அடைந்தது.

தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்துவிடும் செடி. வாரத்துக்கொரு முறையேனும் ஒரே மலையைச் சுற்றிவந்து கொழுந்து பறிக்கவேண்டும். பறிப்பதற்குப் பெண்களின் விரல் வேண்டும். கவ்வாத்து வெட்டவும் கான் வெட்டவும் ஆண்கள் வேண்டும். எனவே குடும்பம் குடும்பமாக மக்கள் லயங்களிலே தங்கலாயினர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராவிலே பிறப்பும் இறப்பும் நிகழ்ந்தன. ஊருக்குத் திரும்பும் நாள் ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போயிற்று. மஞ்சள் முடிச்சும் அவிழ்க்கப்படாமலே கிடந்தது.

தோட்ட மக்களின் சமய வரலாற்றில் மிக முக்கியமான மாற்றம் இக்காலத்திலேதான் நேர்ந்தது. தெய்வத்திடம் போக முடியாதவன் தெய்வத்தைத் தன்னிடம் அழைத்துக்கொண்டான். ஊர்க்கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துவந்து, தோட்டத்து மரமொன்றின் அடியிலே கல் நாட்டி, மாரியையும் முனியாண்டியையும் மாடசாமியையும் கருப்பண்ணசாமியையும் அங்கே இருத்தினான். அவற்றோடு நில்லாமல், ஊரில் எவரும் கேட்டறியாத புதிய தெய்வங்களையும் கண்டான். தேயிலைத் தொழிற்சாலையின் பெருஞ்சக்கரத்தருகே ரோதை முனி வீற்றிருந்தார். கவ்வாத்துக் கத்தி எடுப்பதற்கு முன் வணங்குதற்குக் கவ்வாத்துச் சாமி உண்டாயினார். ஆகம வழி நிற்போர் இவற்றைச் சிறுதெய்வம் என்று ஒதுக்குவர். சக்கரத்திலே கை அகப்படலாம், கத்தி காலிலே பாயலாம் என்ற அச்சம் நாள்தோறும் உடையவனின் நிலையிலிருந்து பார்க்குங்கால், இத்தெய்வங்களைவிடப் பொருத்தமான தெய்வம் வேறில்லை. கம்பனியின் இயந்திரத்துக்குள்ளும் தனக்குத் தெரிந்த ஒரு முகத்தை அவன் கண்டுகொண்டான்.

இனி மற்றைக் கடனைப் பார்க்கலாம். ஊரிலே கங்காணி கொடுத்த முற்பணம், தோணிச்செலவு, வழிச்செலவு, கம்பளி, அரிசி எல்லாம் சேர்ந்து தொழிலாளன் பெயரில் ஏறின. சம்பளம் மாதக்கணக்கில் பிந்தியது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் போக விரும்பியவனுக்குத் துண்டு எனப்பட்ட சீட்டு வேண்டும். அதில் அவன் கொடுக்கவேண்டிய கடன்தொகை எழுதப்பட்டிருக்கும். அத்தொகையைப் புதிய தோட்டம் கட்டினால் அவன் விடுபடுவான், அதாவது புதிய இடத்துக்குக் கடன்காரனாவான். ஆளைவிடக் கடனே தோட்டந் தோட்டமாக விலைபோயிற்று எனலாம். இம்முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தோட்டத்தின் குறியும் இலக்கமும் பொறித்த தகரத்துண்டு ஒன்றும் தொழிலாளருக்கு வழங்கப்பட்டது. கழுத்தில் ஏற்கெனவே கிடந்த தாயத்தின் பக்கத்திலே அதுவும் தொங்கியது. ஆளைப் பொதி போல உரிய இடத்தில் சேர்ப்பிக்க அது உதவிற்று.

துண்டுக்கடனுக்கும் நேர்த்திக்கடனுக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகும். துண்டுக்கடன் ஒருவனை அவன் கழித்த நாட்களோடு பிணைத்தது. எவ்வளவு உழைத்தாலும் நேற்றைய அரிசிக்கே இன்றைய பேர் சரியாயிற்று. நேர்த்திக்கடனோ அவனை வரப்போகும் ஒரு நாளோடு பிணைத்தது. தீர்க்கவேண்டிய நேர்த்தி ஒன்று இருக்கும்வரை அவனுக்கு ஒரு நாளை உண்டு. அந்த நாளையில் அவன் இலக்கமல்லன், பேர் உடையவன், குலம் உடையவன், வாக்குக் கொடுத்தவன். தோட்ட வாழ்க்கை ஒருவனின் மனத்திலிருந்து முதலிலே பறித்தது எதிர்காலத்தைத்தான். அதனைப் பறிகொடாமல் காத்தது அந்த ஒரு காசு முடிச்சு என்று கூறின் அது மிகையாகாது.

காமன் கூத்து இதற்குச் சிறந்த சான்று. மாசி மாத அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையன்று கம்பம் நட்டு, நாள்தோறும் ஆடிப்பாடி, சிவபெருமான் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவதும் இரதி புலம்புவதும் ஈறாக நடத்தும் இக்கூத்து, தமிழ்நாட்டில் பல ஊர்களில் அருகிய பின்பும் மலைநாட்டிலே உயிரோடு இருந்து வந்துள்ளது. இரதியும் மதனும் ஆகிய வேடங்களைப் பலர் நேர்த்தியாகவே ஏற்பர். பிள்ளைப்பேறு வேண்டியும் நோய் தீர வேண்டியும் நேர்ந்துகொண்டு ஆடுவர். பகலெல்லாம் பெரட்டுக்களத்திலே கங்காணியின் ஏச்சைக் கேட்டவன் இரவிலே தேவனாகிறான். அவன் எரியும்போது தோட்டமே அழுகிறது. பிரிவும் இறப்பும் நிரம்பிய ஒரு மக்களுக்கு ஆண்டுக்கொருமுறை வாய்விட்டு அழுதற்கு இடந்தந்த கூத்து அது.

எனினும், கோயில் எப்போதும் தொழிலாளன் பக்கமே நின்றது என்று எண்ணுதல் தவறு. கோயிலுக்கு நிலம் விட்டவர் துரை. திருவிழாவுக்கு விடுமுறை தந்தவரும் அவரே. தலைமைக் கட்டு பெரியகங்காணியின் தலையிலே ஏறிற்று. கோயிற் சந்தா சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டது. ஆளைக் கடனில் அமிழ்த்தியவனே சாமிக்கு முன்னே முதல் மரியாதை பெற்றான். லயங்களிலே சாதி பிரித்துக் குடியிருத்தியது போலவே கோயிலிலும் சாதி பிரித்து நிறுத்தினர். தீட்டென்று தூர நிறுத்தப்பட்டவர்கள் தமக்கென வேறு கல் நாட்டிக்கொண்டனர். திருவிழா நடந்தால் ஆட்கள் ஓடமாட்டார்கள் என்று கணக்கிட்ட தோட்டத்துரைகள் பலர். அவர்களின் கணக்கு முற்றிலும் பிழையன்று. எல்லாம் விதி என்ற சொல்லும் இக்கோயில் நிழலிலேதான் பரவிற்று.

ஆயினும் கணக்கில் அடங்காத ஒன்று நிகழ்ந்தது. தோட்டத்துக்குள் வெளியார் நுழைந்தால் அத்துமீறல் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட காலத்தில், பல தோட்டத்து மக்கள் ஒன்றாகக் கூடுவதற்கு இருந்த வாய்ப்பு திருவிழா ஒன்றே. ஒருவர்க்கொருவர் செய்தி சொன்னதும் சம்பளத்தை ஒப்பிட்டதும் பெண் கொண்டதும் கொடுத்ததும் அங்கேதான். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசையர் 1920களில் ‘தேசபக்தன்’ பத்திரிகையை நடத்தித் தோட்டக் கொடுமைகளை எழுதியபோதும், 1931இல் அற்றனிலே தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் தொடங்கியபோதும், கேட்பதற்குப் பழகிய ஒரு கூட்டம் ஏற்கெனவே இருந்தது. அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையார் கூட்டங்களிலே முதலில் பாடினார். பின்னரே ஐயர் பேசினார். கோயில் முற்றத்திலே கதைப்பாட்டுக் கேட்டுப் பழகிய செவிகளுக்கு இம்முறை இயல்பாக இருந்திருக்கும். துணி வியாபாரி வேடத்திலே ஐயர் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்ற கதை மலைநாட்டில் இன்றும் வழங்குகிறது.

1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்து மலைநாட்டுக்கும் சென்றார். கதர் நிதிக்குத் தொழிலாளர் தம் சில்லறைக் காசுகளைக் கொணர்ந்து கொடுத்தனர். நாட்கூலி சதக்கணக்கில் இருந்த காலத்திலே அக்காசுகள் சிறியனவல்ல. அடிகள் அவர்களிடம் குடியை விடுமாறு கேட்டார். அன்று கேட்டவர்களில் எத்தனை பேர் குடியை விட்டனர் என்பது வேறு கதை. ஆயின், தன் வாழ்வு தன் கையில் உள்ளது, அதனைத் திருத்திக்கொள்ளத் தெய்வமும் துணைநிற்கும் என்ற பேச்சை, ஏவலுக்கு வெளியே நின்று, அவர்கள் கேட்டது அதுவே முதன்முறையாக இருந்திருக்கக்கூடும். 1939இல் இலங்கை இந்தியர் காங்கிரசும் அடுத்த ஆண்டு அதன் தொழிலாளர் சங்கமும் தோன்றின. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்திலே கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். விதி என்று தலைகுனிந்தவர்கள் என எவரும் இனிக் கூற இயலாதாயிற்று.

இவ்வளவு காலமும் இம்மக்களின் சமயத்தைப் பற்றி ஏனையோர் கொண்ட அக்கறை எத்தகையது? 1854இலேயே அங்கிலிக்கன் திருச்சபையார் தமிழ்க் கூலிகளுக்கென ஒரு மிசனைத் தொடங்கினர். தோட்டத்துரைகள் பணம் உதவினர். பள்ளிகளும் சில தோன்றின. யாழ்ப்பாணத்துச் சைவப் பெருமக்களோ, நாவலர் காட்டிய வழியிலே வடக்கில் சைவப் பாடசாலைகளைச் சிறப்புற வளர்த்தனராயினும், மலையேறிச் சென்று இம்மக்களின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர் சிலரே. அங்கு கணக்கப்பிள்ளையாகவும் எழுதுவினைஞராகவும் சென்ற படித்த தமிழர் பலர்; அவர்களிற் பெரும்பாலோர் துரையின் படியிலே நின்றனர், லயத்தின் வாசலிலே நிற்கவில்லை. இந்துக் கல்லூரிகளின் வரலாற்றை எழுதுவோர் இதனையும் ஒரு வரி எழுதுதல் நேர்மையாகும்.

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்து வாக்குரிமையையும் இழந்தனர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள், எட்டு இலட்சம் பேர் அளவினர் சார்பிலே, குவிந்தன. தொடர்ந்து இத்தனை ஆண்டு இங்கு வசித்ததற்குச் சான்று காட்டுக என்று அதிகாரிகள் கேட்டனர். பிறப்புச்சாட்சிப் பத்திரம் பலரிடம் இல்லை. பாட்டன் நாட்டிய கல்லும் தகப்பன் எரித்த காமனும் சான்றாக ஏற்கப்படவில்லை. விண்ணப்பங்களிற் பெரும்பாலானவை தள்ளப்பட்டன. 1952 ஏப்பிரலிலே கொழும்பில் தொடங்கிய சத்தியாக்கிரகம் மாதக்கணக்கில் நீடித்தும் சட்டம் மாறவில்லை.

1964 ஒக்டோபர் 30இல் சிறீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இப்பங்கீட்டிலே அம்மக்களின் விருப்பை எவரும் கேட்டிலர். முதல் தலைமுறையினர் எந்நாளும் விரும்பியது ஊர் திரும்புதலையே. அவ்விருப்பம் மூன்று தலைமுறை கழிந்து, விரும்பியோர் மாண்டு மண்ணோடு மண்ணாகிய பின்பு, பேரப்பிள்ளைகள்மீது சட்டமாக வந்து இறங்கிற்று. அற்றனிலும் நானுஓயாவிலும் புகையிரதம் புறப்படும்போது எழுந்த ஓலத்தை நேரிற் கண்டோர் பலர் எழுதியுள்ளனர். தாய் ஒரு கடவுச்சீட்டிலும் மகள் வேறொரு நாட்டிலும் ஆகிய குடும்பங்கள் பல. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோருக்குப் பாட்டன் பெயர் சொன்ன ஊரில் உறவு கிட்டவில்லை. நேர்த்தியைத் தீர்க்கத் தேடிச்சென்ற குலதெய்வக் கோயிலில் வேறு பங்காளிகள் நின்றனர். அவர்களுக்கெனத் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியிலே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. கூடலூர், கோத்தகிரி மலைகளிலே அவர்கள் மீண்டும் கொழுந்து பறித்தனர். மீண்டும் மரத்தடியிலே மாரிக்குக் கல் நாட்டினர். இம்முறை எடுத்துச் சென்ற பிடிமண் இலங்கை மலையின் மண்.

அஃதாவது, நூற்றைம்பது ஆண்டுகளில் நேர்த்தியின் திசையே மாறிவிட்டது. ஊர் என்ற சொல்லுக்கு முன்னே புதுக்கோட்டையும் திருச்சிராப்பள்ளியும் பொருளாயின. பின்னர் அதற்குப் பொருள் இன்ன தோட்டம், இன்ன டிவிசன், இன்ன லயம் என்றாயிற்று. இம்மாற்றத்தை எந்தச் சட்டமும் உண்டாக்கவில்லை. குடிசனக் கணக்கும் இதனைப் பதியவில்லை. யாரிடம் நேர்ந்துகொள்கிறான், எங்கே தீர்க்கிறான் என்று பார்த்திருந்தால் அது 1948க்கு முன்னமே தெரிந்திருக்கும்.

மலையில் எஞ்சியோரின் நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலும் நீங்கிற்று. வீடும் நிலமும் சம்பளமும் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. 2023இல், மூதாதையர் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, ஜூலை இறுதியிலே தலைமன்னாரிற் புறப்பட்ட ஒரு கூட்டத்தார் பழைய வழியையே பற்றி நடந்தனர். வழியூர்களிலே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அவர்களுக்கு நீரும் உணவும் கொடுத்தனர். பதினைந்து நாளுக்கு மேல் நடந்து, ஆகஸ்ட் மாதத்திலே அவர்கள் மாத்தளையை அடைந்தனர்.